இடக்கைக் குழந்தைகள்

விஜயதசமியன்று தாம்பாளத்தில் பரப்பிய அரிசியின்மேல், குழந்தையின் வலது ஆள்காட்டி விரலைப் பற்றி அட்சரம் எழுதுவிக்கும் மங்கல வழக்கத்தை நான் குறை கூறமாட்டேன். ஆனால், அந்நாள் கழிந்த பின்பும், தானாகவே இடது கையில் பல்பத்தை எடுக்கும் குழந்தையைப் பெற்றோரும் உபாத்தியாயரும் அதட்டியும் புறங்கையில் அடித்தும் திருத்த முற்படுவது, பிரகிருதி முன்னரே முடித்துவிட்ட காரியத்தோடு வீண் வழக்காடுவதாகும் என்பது என் உறுதியான அபிப்பிராயம்.

எவ்வளவு முன்னதாக முடிந்துவிடுகிறது அக்காரியம்! பெல்பாஸ்ட் நகரத்து ஆராய்ச்சியாளர் பீட்டர் ஹெப்பரும் அவருடைய சகாக்களும், கர்ப்பத்திலுள்ள சிசுக்கள் எந்தக் கட்டைவிரலைச் சூப்புகின்றன என்பதை ஸ்கேன் கருவியினால் கண்டு குறித்துவைத்து, அவர்கள் வளர்ந்து சிறுவர் சிறுமியரான பின் மீண்டும் பரிசோதித்து, 2005-இல் முடிவை வெளியிட்டார்கள். வலது விரலைச் சூப்பிய 60 பேரும் வலக்கைப் பழக்கமுடையவர்களாகவே இருந்தனர்; இடது விரலைச் சூப்பிய 15 பேரில் 10 பேர் இடக்கையர், மற்ற ஐவர் வலக்கையர். அகரம் அறியுமுன், அன்னையின் முகத்தையே காணுமுன், கை பெரும்பாலும் தன் வழியைத் தேர்ந்துகொண்டுவிடுகிறது.

இது பரம்பரையா என்றால், ஓரளவுதான். உலக ஜனங்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவர் இடக்கையர். தாய் தந்தை இருவருமே இடக்கையராயினும் அவர்களுடைய குழந்தைகளில் சுமார் கால்பங்கினரே அவ்வாறு அமைகிறார்கள். ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையரில்கூட ஒருவர் வலக்கையராகவும் மற்றவர் இடக்கையராகவும் இருப்பது அபூர்வமன்று. பேச்சுத்திறன் மூளையின் இடப்பாகத்தைச் சார்ந்தது என்று 1860-களில் பிரெஞ்சு வைத்தியர் பிரோக்கா நிலைநாட்டியதிலிருந்து, இடக்கையருக்கு இது தலைகீழாக இருக்கும் என்று நெடுங்காலம் பலர் நம்பிவந்தனர்; அவர்களிலும் பத்தில் ஏழு பேருக்குப் பேச்சு இடப்பாகத்திலேயே இருப்பதாகப் பிற்காலத்தில் தெளிவாயிற்று.

பிரிட்டிஷ் மன்னர் ஆறாம் ஜார்ஜ் பாலியத்தில் வலக்கையால் எழுதும்படி நிர்ப்பந்திக்கப்பட்டவர். அவருடைய திக்குவாய்க்கு அதுவே காரணம் என்று சொல்வதுண்டாயினும், அதற்குப் போதிய நிரூபணம் இல்லை. எனினும், 1926-இல் அவர் விம்பிள்டன் போட்டியில் டென்னிஸ் மட்டையைப் பிடித்தது இடக்கையில்தான். வற்புறுத்தலால் வலக்கைக்கு மாறியவர்கள் எழுதும்போது மூளையைப் படமெடுத்துப் பார்த்தவர்கள், இடக்கையை இயக்கும் வலப்பாகம் அப்போதும் ஓய்ந்திருக்கவில்லை என்று கண்டிருக்கிறார்கள். ஆகவே, அடித்து மாற்றுவது வெளிப்பழக்கத்தையேயன்றி உள்ளமைப்பை அன்று. குழந்தைக்கு மிஞ்சுவதோ தன்னிடம் ஏதோ குற்றம் இருப்பதாக எண்ணும் அச்சம்.

உண்பதும் கொடுப்பதும் வலக்கையால் என்பது நம் மரபு. அதை அன்போடு பழக்கினால், வலக்கையால் உண்டு இடக்கையால் எழுதுவது குழந்தைக்குக் கடினமன்று. நம் வீடுகளில் அப்படி வளர்ந்தோர் அநேகர். எழுதும் கையை மட்டும் அதன் போக்கில் விட்டுவிடுங்கள். நோட்டின் மேற்புறத்தைச் சற்றே வலப்பக்கம் சாய்த்து வைத்துக்கொள்ளக் கற்றுக்கொடுங்கள். உபாத்தியாயர்களே, அக்குழந்தையைப் பெஞ்சின் இடது ஓரத்தில் உட்காரவையுங்கள். பக்கத்துப் பிள்ளையின் முழங்கை இடிக்காமல் அது எழுதட்டும்.