தோற்பதற்கு யாரிடம் காசு இருக்கிறது?

சென்னையைச் சேர்ந்த ராம்குமார் ராமநாதனின் ஆட்டக் கணக்கை எடுத்துப் பாருங்கள். பார்சிலோனாவில் பயிற்சி எடுத்தவர். 2017இல் அண்டல்யாவில், அப்போது உலகின் 8ஆம் நிலையில் இருந்த டொமினிக் தீமை வீழ்த்தினார். 2018 ஜூலையில் நியூபோர்ட் ஏடிபி இறுதிப்போட்டி. 2011இல் சோம்தேவுக்குப் பிறகு ஒற்றையரில் எந்த இந்தியரும் எட்டாத இடம். அதே ஆண்டு தரவரிசையில் 111. ஆனால் அதற்கு ஒரு படி கீழே உள்ள சேலஞ்சர் மட்டத்தில் முதல் ஒற்றையர் பட்டம் வென்றது 2021 நவம்பரில், மனாமாவில்தான். அப்போது வயது 27.

நடுவில் ஏராளமான தோல்விகள். கேலியாகச் சொல்லவில்லை. 32 பேர் ஆடும் போட்டியில் தோற்காமல் ஊர் திரும்புவது ஒரே ஒருவர். என் கேள்வி வேறு: அத்தனை ஆண்டுகள் தோற்றுக்கொண்டே ஆட யாரால் முடியும்?

கீழ்மட்டப் போட்டியின் மொத்தப் பரிசே 15,000 டாலர். அதையும் எல்லோரும் பங்கு போட வேண்டும். முதல் சுற்றில் தோற்றால் புள்ளியே கிடையாது. வாங்கிய புள்ளியும் 52 வாரத்தில் காலாவதி. விமானம், விடுதி, பயிற்சியாளர், மட்டை எல்லாம் கைக்காசு. அக்கா கல்யாணக் கடனுக்காக ஒரு வருஷம் வேலைக்குப் போனால், திரும்பி வரும்போது பூஜ்யம்தான்.

திருத்தணி வட்டாரத்தில் நான் போகும் காலனிகளில் டென்னிஸ் பந்துக்குப் பஞ்சமில்லை, கிரிக்கெட் ஆட. கோர்ட்டைத்தான் பார்த்ததில்லை. நம் பிள்ளைகளுக்கு ஒரே ஒரு செலக்‌ஷன் நாள். அன்று சரியாக ஆடவில்லையென்றால் திங்கட்கிழமை ரயில் பிடித்துக் கம்பெனி வேலை. பிறகு நம்மிடமே வந்து 'தகுதி, திறமை' என்று பாடம் எடுப்பார்கள். அந்தத் தரவரிசையில் பெயர் ஏறும் முன்பே நடந்த வடிகட்டலுக்கு எந்தப் பட்டியலிலும் கட்டம் இல்லை.

ஆர்தர் ஆஷ் 1975இல் விம்பிள்டன் வென்ற கறுப்பினத்தவர். ரிச்மண்டில் வெள்ளையர் கோர்ட்டுகளில் அவருக்கு அனுமதி கிடையாது. அப்பா கறுப்பர்களுக்கான பூங்காவின் பராமரிப்பாளர்; வீடு அந்தப் பூங்காவுக்குள்ளேயே, கோர்ட் எதிரிலேயே. அது இல்லாவிட்டால் அந்தச் சிறுவன் கையில் மட்டை எப்படி வந்திருக்கும்?

தமிழ்நாடு 2024இல் ஆதிதிராவிடர், பழங்குடியினர் மேம்பாட்டுச் செயல்திட்டச் சட்டம் இயற்றியது. மக்கள்தொகைக்கு ஏற்ப நிதி ஒதுக்கச் சொல்கிறது அது. அதிலிருந்து ஒன்றியத்துக்கு ஒரு கோர்ட், முழுநேரப் பயிற்சியாளர், போட்டிக்குப் போய்வர ஐந்தாண்டுத் தொடர் உதவி கேட்போம். ஜெயித்து வந்தவருக்கு மேடையில் தரும் காசோலையைக் கேட்கவில்லை, இன்னும் தோற்றுக்கொண்டிருப்பவருக்கான செலவைக் கேட்கிறோம். திருவள்ளூர் மாவட்டத்தில் இந்த நிதியில் விளையாட்டுக்கு எவ்வளவு போனது என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போடப் போகிறோம். மனு எழுதத் தெரிந்த மாணவர்கள் வாருங்கள், வேலை நிறைய இருக்கிறது.