சி மொழியில் எழுதினால் மட்டும் வேகம் வந்துவிடுமா?

பைத்தான் கற்றுக்கொள்ளத் தொடங்கிய ஒரு வாரத்துக்குள் ஓர் அறிவுரை உங்கள் காதில் விழுந்துவிடும். "பைத்தான் ரொம்ப ஸ்லோ. வேகம் வேண்டுமென்றால் அந்தப் பகுதியை சி மொழியில் எழுதிவிடு." இது பொய் இல்லை. ஆனால் இப்போதுதான் புரோகிராம் எழுதிப் பழகுபவர்களுக்கு நல்ல அறிவுரை இல்லை என்பது என் கருத்து.

ஒரு மாணவரின் பெயர், வகுப்பு, மதிப்பெண் மூன்றையும் ஒரே பொட்டலமாகக் கட்டி வைத்தால் அது ஆப்ஜெக்ட். அதிலிருந்து மதிப்பெண்ணை மட்டும் எடுத்துத் தரும் சின்ன பங்ஷனுக்கு அக்சசர் என்று பெயர். வேலை ஒரே வரிதான். ஆனாலும் ஒவ்வொரு முறையும் இன்டர்பிரெட்டர் அந்த பங்ஷனைத் தேடிப் பிடித்து, இடம் ஒதுக்கி, ஓடவிட்டு, விடையோடு திரும்ப வேண்டும். பத்து லட்சம் முறை அழைத்தால் இந்தச் சில்லறைச் செலவே பெரிய தொகையாகிவிடும்.

பைத்தானை உருவாக்குபவர்களும் இதில் கை வைத்திருக்கிறார்கள். 2008-ல் வந்த 2.6 பதிப்பில் நேம்ட்டியூப்பிள் என்ற வசதி சேர்ந்தது. அதன் அக்சசர், ஏற்கெனவே சி-யில் எழுதப்பட்ட இரண்டு துண்டுகளை இணைத்துச் செய்தது. 2019-ல் 3.8 பதிப்பு வந்தபோது இரண்டுக்கும் பதிலாக ஒரே துண்டை சி-யில் எழுதினார்கள். வேகம் இரண்டு மடங்குக்கு மேல் கூடியது! கவனியுங்கள், முன்பும் சி, பின்பும் சி. நடுவில் இருந்த ஓர் அழைப்பு போனதுதான் லாபம்.

நானும் ஒருமுறை அலுவலகத்தில் ஆசைப்பட்டு சி-யில் அக்சசர் எழுதினேன். பைத்தானில் ஒவ்வொரு பொருளையும் எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்று ஒரு எண்ணிக்கை உண்டு. அது பூஜ்யமானால் பொருள் மெமரியிலிருந்து அழிக்கப்படும். பைத்தானில் எழுதும்போது இந்தக் கணக்கை அதுவே பார்த்துக்கொள்ளும். சி-யில் நாம்தான் பார்க்க வேண்டும். மதிப்பைத் திருப்பித் தருமுன் எண்ணிக்கையில் ஒன்று கூட்டும் வரியை நான் விட்டுவிட்டேன். ஒவ்வொரு அழைப்பிலும் கணக்கு ஒன்று குறைந்தது. சோதித்தபோது நன்றாகத்தான் ஓடியது. இரவில் பெரிய பைலைக் கொடுத்தபோது, சம்பந்தமே இல்லாத வேறு இடத்தில் கிராஷ் ஆனது. கண்டுபிடிக்க மூன்று நாள் ஆயிற்று. மிச்சப்படுத்தியதோ சில விநாடிகள்.

எனவே முதலில் அளந்து பாருங்கள். பைத்தானோடு இலவசமாகவே வரும் டைம்இட், சிபுரொஃபைல் இரண்டும் போதும். வீட்டில் எழுதும் புரோகிராம்களில் நேரம் பெரும்பாலும் டிஸ்க்கைப் படிப்பதில்தான் போகும், அக்சசரில் இல்லை. அக்சசர்தான் காரணம் என்று தெரிந்தாலும், பைத்தானில் அந்த பங்ஷனே தேவையா என்று பாருங்கள். புள்ளி வைத்து மதிப்பை நேராகவே எடுக்கலாம். லூப்புக்குள் மாறாத மதிப்பு என்றால், வெளியிலேயே ஒரு வேரியபிளில் எடுத்து வைத்துக்கொள்ளலாம்.

2022 அக்டோபரில் வந்த 3.11 பதிப்பு, 3.10-ஐ விடச் சராசரியாக 1.25 மடங்கு வேகமானது. பைத்தான் பங்ஷன் இன்னொரு பைத்தான் பங்ஷனை அழைக்கும் செலவையும் அதில் குறைத்துவிட்டார்கள். அதற்கு மாறியபோது என் சி பைலை நான் மறுபடி கம்பைல் செய்யவே இல்லை.