பின் சக்கரம் உரசுகிறதா?

கார் வளைவில் திரும்பும்போது பின்பக்கத்தில் 'சர்ர்' என்று ஒரு சத்தம். ஓட்டுகிறவர் எஞ்சின் பாட்டில் லயித்திருப்பார். அவர் காதில் அது விழாது. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் சகோதரியின் காதில்தான் விழும். "என்னமோ உரசுகிறதே!" என்றால், "பழைய வண்டி, அப்படித்தான் இருக்கும்" என்று பதில் வரும். சகோதரிகளே, அந்தப் பதிலோடு திருப்தி அடைந்துவிடாதீர்கள்!

எம்.ஜி.பி. என்ற ஆங்கிலேய ஸ்போர்ட்ஸ் காரையே உதாரணமாக எடுத்துக்கொள்வோம். அபிங்டன் என்ற ஊரில் 1962 முதல் 1980 வரை 5 லட்சத்துக்கு மேல் தயாரானது. இன்றும் பலர் இதைச் செல்லப் பிள்ளை மாதிரி வைத்துக் காப்பாற்றுகிறார்கள். பின் சக்கரம் மட்கார்டில் உரசுவது இந்தப் பிள்ளைக்கு அடிக்கடி வரும் உபத்திரவம்.

காரணம் என்ன? இதன் பின் அச்சு இரண்டு பட்டை வில்களின் மேல் உட்கார்ந்திருக்கிறது. அச்சு பக்கவாட்டில் நகராமல் பிடித்துக்கொள்ள வேறு தண்டு கிடையாது. அந்த வில்களும், அவற்றின் கண்களில் உள்ள ரப்பர் புஷ்களும்தான் பொறுப்பு. ரப்பர் நைந்தால் அச்சு அசையும். வில் தளர்ந்தால் வண்டி தாழும். போதாக்குறைக்கு, பார்வைக்குக் கம்பீரமாக இருக்கட்டுமென்று 165 மில்லிமீட்டர் டயர் இருந்த இடத்தில் 185, 195 என்று மாட்டிவிடுகிறார்கள். ஐந்தாம் நம்பர் காலை நாலாம் நம்பர் செருப்பில் திணித்தால் கடிக்காமல் என்ன செய்யும்?

சக்கரத்திலும் ஒரு சூட்சுமம் உண்டு. கம்பிச் சக்கர வண்டியின் பின் அச்சு நீளம் குறைவு; தகட்டுச் சக்கர வண்டியினுடையது அதிகம். ஒன்றின் அச்சில் மற்றதன் சக்கரத்தை இணைப்பு வைத்து மாட்டினால், சக்கரம் வெளியே துருத்திக்கொண்டு உரசலாம்.

கண்டுபிடிப்பது சுலபம். டயரின் வெளி ஓரம் முழுவதும் சாக்கட்டியால் பட்டையாகப் பூசுங்கள். பெட்ரோல் தொட்டியை நிரப்பி, டிக்கியில் சாமான் ஏற்றி, மெதுவாக நாலு வளைவு சுற்றி வரச் சொல்லுங்கள். சாக்கு எங்கே அழிந்திருக்கிறதோ அங்கேதான் உரசல். பிறகு சமதரையில் நிறுத்தி, சக்கரத்தின் நடுவிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை இரு பக்கமும் அளந்து பாருங்கள். ஒரு பக்கம் குறைந்தால் அந்த வில்லின்மேல் சந்தேகம் கொள்ளலாம்.

வைத்தியத்துக்கும் வரிசை உண்டு. முதலில், வில்லை அச்சோடு பிணைக்கும் 'யு' போல்ட்டுகள் இறுக்கமாக இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். அடுத்து, புஷ்களை மாற்ற வேண்டும். வண்டி நாலு சக்கரத்திலும் நின்று பாரம் தாங்கும்போதுதான் அவற்றின் நட்டுகளைக் கடைசியாக முடுக்க வேண்டும். தூக்கி வைத்தபடி முடுக்கினால் புது ரப்பரும் முறுக்கேறிச் சீக்கிரம் நைந்துவிடும். வில்களை மாற்றுவதானால் ஜோடியாகவே மாற்றுவது நல்லது. பிறகு சரியான அளவு டயர். மட்கார்டின் உள்விளிம்பைத் தட்டி மடிப்பது கடைசி உபாயம்தான். அது இரண்டு தகடுகள் சேரும் இடம். பெயிண்ட் வெடித்தால் ஈரம் புகும், துரு பிடிக்கும். வெறும் ஜாக்கியை நம்பி யாரையும் வண்டிக்கு அடியில் போக விடாதீர்கள்; ஸ்டாண்டு கட்டாயம் வேண்டும்.

இவ்வளவு அக்கறை எதற்கு என்கிறீர்களா? டயரின் பக்கச் சுவர் மெல்லியது. உரசி உரசி உள்ளே இருக்கும் நூல் தெரிந்துவிட்டால் அதற்கு ஒட்டு வைத்தியம் கிடையாது. தூக்கி எறிய வேண்டியதுதான். இல்லாவிட்டால் வேகமாகப் போகும்போது வெடிக்கும்.

கூடவே டயரின் வயதையும் பாருங்கள். பக்கச் சுவரில் 2319 என்று இருந்தால், 2019-ம் ஆண்டின் 23-வது வாரத்தில் பிறந்தது என்று அர்த்தம். எப்போதோ ஒரு நாள் வெளியே வரும் வண்டியில் டயர் தேய்வதில்லை. ஆனால் கிழடு தட்டிவிடுகிறது. மேலுக்குப் புதிதாக இருப்பதெல்லாம் புதிதல்ல என்பது பட்டுப் புடவையை மடிப்பு மாற்றாமல் பெட்டியில் வைத்துப் பார்த்தவர்களுக்கு நாம் சொல்லியா தெரிய வேண்டும்?