கனெக்ட் ஆனா மட்டும் போதுமா? வீட்டிலேயே செய்யும் வயர்லெஸ் டாங்கிளும் விடுபடும் சோதனையும்

வயர்லெஸ் மவுஸோடு வரும் விரல் நுனி அளவு டாங்கிளை இன்று வீட்டு மேசையிலேயே வடிவமைக்கலாம். நார்டிக் நிறுவனத்தின் என்ஆர்எஃப்52840 போன்ற ஒரே சிப்பில் புராசஸர், 2.4 ஜிகாஹெர்ட்ஸ் ரேடியோ, யுஎஸ்பி மூன்றும் இருக்கின்றன. சர்க்யூட் வரைய இலவச மென்பொருள் உண்டு. ஃபைலை அனுப்பினால் போர்டு வீடு தேடி வந்துவிடும்.

சாலிடர் செய்து லேப்டாப்பில் செருகி, ‘கனெக்ட் ஆகிடுச்சு’ என்றதும் புராஜெக்ட் முடிந்ததா? இல்லை, பாதிதான் முடிந்திருக்கிறது.

மேசையில் ஏன் தெரியாது?

இந்த வகை ரேடியோக்கள் மிக மிக மெல்லிய சிக்னலையும் பிடித்துவிடும். ஒரு மீட்டர் தூரத்தில், ஆன்டெனா 99 சதவீத சக்தியை வீணடித்தாலும் இணைப்பு கிடைக்கும். அடுத்த அறைக்குப் போனால்தான் குட்டு வெளிப்படும்.

எங்கே பிசகும்?

2.4 ஜிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 12.5 செ.மீ.; அதில் கால் பங்கு 3.1 செ.மீ. போர்டிலேயே செம்புக் கோடாக ஆன்டெனா வரைந்தால் நீளம் இன்னும் குறையும். எவ்வளவு என்பதை போர்டின் தடிமன், பக்கத்திலுள்ள கிரவுண்ட் செம்பு, மேலே மாட்டும் பிளாஸ்டிக் மூடி எல்லாம் சேர்ந்து தீர்மானிக்கும். 25 மி.மீ. ஆன்டெனாவில் 1 மி.மீ. பிசகு என்றால் 4 சதவீதம். அதாவது கிட்டத்தட்ட 100 மெகாஹெர்ட்ஸ் தள்ளிப்போகும். ஆனால், இந்தப் பட்டையின் மொத்த அகலமே 83.5 மெகாஹெர்ட்ஸ்தான்!

என்னென்ன சோதிக்கணும்?

* செருகும் முன்பே மல்டிமீட்டரில் 5 வோல்ட் கோடும் கிரவுண்டும் ஷார்ட் ஆகவில்லை என்று பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் லேப்டாப் போர்ட்டுக்கே ஆபத்து.
* 3 ஜிகாஹெர்ட்ஸ் வரை அளக்கும் நெட்வொர்க் அனலைசரில் ஆன்டெனாவைச் சோதிக்க வேண்டும். மைனஸ் 10 டெசிபெல் காட்டினால் 10 சதவீத சக்திதான் திரும்பி வருகிறது என்று பொருள். மூடியை மாட்டியபிறகு மறுபடியும் அளப்பது அவசியம்.
* தூரத்தைக் கூட்டிக்கொண்டே போய், அனுப்பிய பாக்கெட்டில் எத்தனை தொலைந்தன என்று எண்ண வேண்டும்.
* பக்கத்து யுஎஸ்பி 3.0 போர்ட்டில் ஹார்டு டிஸ்க்கை ஓடவிட்டும் பார்க்க வேண்டும். அதன் இரைச்சல் 2.4 ஜிகாஹெர்ட்ஸ் ரேடியோவைக் கெடுக்கும் என்பதை இன்டெல் 2012-லேயே விளக்கியிருக்கிறது.

மதிப்பெண் எதற்கு?

இந்தியாவில் 2.4 ஜிகாஹெர்ட்ஸ் பட்டை 2005-ல் உரிமம் தேவையில்லாததாக அறிவிக்கப்பட்டது. கற்றுக்கொள்ள இதைவிட நல்ல களம் கிடையாது. ஆனால் ‘ஓடுது சார்’ என்ற டெமோவுக்கே முழு மதிப்பெண் கொடுத்தால், அளக்கிற பழக்கம் மாணவருக்கு எப்படி வரும்? வரைபடத்துக்குப் பாதி, அளவீட்டு அட்டவணைக்குப் பாதி என்று பொறியியல் கல்லூரிகள் மதிப்பெண்ணைப் பிரிக்கலாம். விலை குறைந்த சிறிய அனலைசர் ஒன்று இருந்தால் ஒரு வகுப்பே பகிர்ந்துகொள்ளலாம். முதல் போர்டு தோற்றாலும் பரவாயில்லை. ஏன் தோற்றது என்று எண்ணோடு சொல்லத் தெரிந்த மாணவரின் இரண்டாவது போர்டு ஓடும்.