பாடியது காமினியா?

மாலையானால் எங்கள் செம்பூர் வீட்டில் இப்போது கொரிய மொழிப் பாட்டுதான். பேத்தியின் கைபேசியில் ஐந்து இளைஞர்கள் ஆடிப் பாடுகிறார்கள். ஐவரும் கார்ட்டூன் உருவங்கள்! 'பிளேவ்' என்று பெயர். 2023-இல் வந்த இந்தக் குழு, 2024 மார்ச்சில் கொரியத் தொலைக்காட்சியின் வாராந்திர இசைப் போட்டி ஒன்றில் ரத்தமும் சதையுமான பாடகர்களை முந்தி முதலிடம் பெற்றது.

"பொம்மைக்குப் போய் இவ்வளவு ஆர்ப்பாட்டமா?" என்று கேட்டேன்.

"பொம்மை இல்லை தாத்தா, உள்ளே ஆள் இருக்காங்க" என்றாள்.

வாஸ்தவந்தான். உடம்பெங்கும் உணர்கருவிகளை மாட்டிக்கொண்டு ஐந்து பேர் ஆட, அந்த அசைவுகளைக் கணினி உருவங்களுக்குக் கொடுக்கிறது. குரலும் அவர்களுடையதே. பெயரையும் முகத்தையும் மட்டும் நிறுவனம் வெளியிடுவதில்லை.

இது ஏமாற்று வேலை என்று ஒரு சாரார் சொல்கிறார்கள். பாட்டு நன்றாயிருந்தால் முகம் எதற்கு என்கிறார்கள் மற்றவர்கள். எனக்கு இரண்டுமே முக்கியமாகப் படவில்லை. பின்னணிப் பாட்டிலேயே வளர்ந்த நமக்கு ஒருவர் வாயசைக்க இன்னொருவர் பாடுவது புதிதா என்ன?

ஆனால் நம் பம்பாயில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். 1949-இல் 'மஹல்' வந்தபோது, அதன் புகழ்பெற்ற பாட்டின் இசைத்தட்டில் பாடியவர் 'காமினி' என்று அச்சிட்டார்கள். காமினி, மதுபாலா ஏற்ற பாத்திரம். பாடியவரோ லதா மங்கேஷ்கர். கதாபாத்திரத்துக்குக் கிடைத்த பெயர் தொண்டைக்குக் கிடைக்கவில்லை. பிற்பாடு அவர் பெயர் எப்படி விளங்கியது என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. முகமூடிக்குள் இருப்பவருக்கு அந்த வழி உண்டா?

ஜப்பானில் 'கிசுனா ஐ' என்ற கணினிப் பெண் பிரபலம். 2019-இல் அந்த ஒரே உருவத்துக்கு வேறு குரல்களையும் சேர்த்தார்கள். பழைய குரல் எங்கே என்று ரசிகர்கள் கொதித்தார்கள். அதற்குரியவர் நோசோமி கசுகா என்று 2020-இல்தான் வெளியில் சொன்னார்கள். ஆளை மாற்றினாலும் பொம்மை அப்படியே இருக்கும். முதலாளிக்கு இதைவிட வேறென்ன வசதி வேண்டும்?

கொரியாவிலோ 2025-இல் ஒரு நல்ல தீர்ப்பு வந்தது. பிளேவ் உருவங்களைக் கேவலமாக ஏசிய ஒருவர், கற்பனைப் பாத்திரங்களைத்தானே திட்டினேன் என்று வாதாடினார். நீதிமன்றம் ஏற்கவில்லை. உள்ளே இருக்கும் ஐவருக்கும் தலா ஒரு லட்சம் வான் கொடுக்கச் சொன்னது. நம் பணத்தில் ஏறக்குறைய ஆறாயிரம் ரூபாய், சொற்பம்தான். ஆனாலும் உள்ளே மனிதர் இருக்கிறார் என்று சட்டம் ஒப்புக்கொண்டதே!

திட்டுக்கு ஒப்புக்கொண்டதை ஒப்பந்தத்திலும் ஒப்புக்கொள்ள வேண்டும் என்பதே என் கட்சி. அவருடைய சம்மதமில்லாமல் அந்த உருவத்துக்குள் வேறு ஆளை நுழைக்கக் கூடாது. விலகிய பிறகாவது அவர் பெயர் பாட்டில் ஏற வேண்டும்.

"அவங்களுக்கே மறைஞ்சிருக்கத்தான் பிடிச்சிருந்தா?" என்று கேட்டாள் பேத்தி.

அப்படியானால் இருக்கட்டும். ஆனால் அதை அவர்கள் சொல்ல வேண்டும், கம்பெனி சொல்லக் கூடாது.

"சரி, பாட்டைக் கேளு தாத்தா" என்று கைபேசியை என் பக்கம் திருப்பினாள். கேட்டேன். நடுவில் நிற்பவன் நன்றாகவே பாடுகிறான்.