கடையில் வாங்கிய முதல் பரிசு

கொஞ்சம் நீளமான பதிவு. சிலருக்குக் கோபம் வரும். முழுக்கப் படித்துவிட்டுக் கோபப்படுங்கள்.

போன மாதம் ஒரு பள்ளியின் அறிவியல் கண்காட்சிக்கு என்னை நடுவராகக் கூப்பிட்டிருந்தார்கள். மூன்று நடுவர்களில் நான் ஒருவன். முதல் பரிசு ஒரு ரிமோட் காருக்குப் போனது. பளபளவென்று அக்ரிலிக் பெட்டி, கலர் விளக்கு, அச்சடித்த சார்ட். ரிமோட்டைத் திறக்கச் சொல்லி, "இந்தக் கம்பிச் சுருள் எதுக்குப்பா?" என்று கேட்டேன். "அதை அந்த அண்ணன் சொல்லித் தரலை சார்" என்றான். எந்த அண்ணன்? புராஜெக்ட் செய்து விற்கும் கடைக்கார அண்ணன். விலை 1,800 ரூபாய். பையன் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவனாவது உண்மையைச் சொன்னான்.

கடைசி மேசையில் எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி நின்றாள். அவள் தம்பி தன் பொம்மைக் காரின் ரிமோட்டை மிதித்து உடைத்துவிட்டானாம். இவள் அதிலிருந்து ஐ.சி.யையும் 27.145 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டலையும் கழற்றி, புதிதாக ஒரு டிரான்ஸ்மிட்டரே கட்டியிருந்தாள். ஒரு டிரான்சிஸ்டர், நாலைந்து கெபாசிட்டர், பேனாக் குழாயில் சுற்றிய காயில், 9 வோல்ட் பேட்டரி. ஈயப் பற்றெல்லாம் கட்டிகட்டியாக இருந்தது. கார் பத்தடி வரைக்கும்தான் சொன்ன பேச்சைக் கேட்டது.

"ஏம்மா பத்தடியோட நின்னுடுச்சு?" என்றேன். "ஏரியல் பத்தலை சார். ஒளியின் வேகத்தை அலைவரிசையால வகுத்தா அலைநீளம் 11 மீட்டர் வருது. அதுல கால் பங்குன்னா இரண்டே முக்கால் மீட்டர் கம்பி வேணும். எங்கிட்ட அரை மீட்டர்தான் இருக்கு. அதை ஈடுகட்டத்தான் அடியில ஒரு காயில் போட்டேன். சுற்று எண்ணிக்கை இன்னும் சரியா அமையலை" என்றாள்.

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. மற்ற இரண்டு நடுவர்களும் "ஃபினிஷிங் இல்லை சார்" என்றார்கள். நான் வாதாடினேன். இரண்டுக்கு ஒன்று, தோற்றேன். அந்தக் குழந்தைக்கு ஆறுதல் பரிசுகூடக் கிடைக்கவில்லை.

இப்போது பெற்றோர்களாக இருக்கும் என் மாணவர்களைக் கேட்கிறேன். நோகாமல் நுங்கு தின்னப் பிள்ளைகளுக்கு ஏன் பழக்குகிறீர்கள்? 1,800 ரூபாய் கொடுத்து நீங்கள் வாங்கியது அறிவியல் இல்லை, ஒரு பொய். அந்தப் பொய்க்கு மேடையில் கைதட்டலும் வாங்கிக் கொடுத்தீர்கள். என் வீட்டிலும் இதே கதைதான். மாப்பிள்ளை கோபித்துக்கொள்ள வேண்டாம். போன வருடம் பேத்திக்கு ரெடிமேட் எரிமலை வந்து இறங்கியபோது வாயை மூடிக்கொண்டிருந்தவன் நான். அதுவும் தப்புதான்.

அதைவிடப் பெரிய தப்பு ஒன்று என் கணக்கில் இருக்கிறது. 1992 என்று நினைவு. ஒரு மாணவன் தானே கட்டிய டிரான்ஸ்மிட்டரும் தெர்மாகோல் படகும் கொண்டுவந்தான். வகுப்பில் ஓடியது. மேடையில் அவன் கையில் எடுத்ததும் நின்றுவிட்டது. "ஓடாததை ஏன்டா தூக்கிட்டு வந்தே?" என்று எல்லோர் முன்னும் கேட்டேன். அதன்பிறகு அவன் எந்தக் கண்காட்சிக்கும் வரவில்லை. காரணம் எனக்கே பிறகுதான் புரிந்தது. அவன் கருவியில் கிரிஸ்டல் கிடையாது. வெறும் காயிலும் கெபாசிட்டரும் சேர்ந்துதான் அலைவரிசையைத் தீர்மானித்தன. பக்கத்தில் வரும் மனிதக் கையும் ஒரு கெபாசிட்டர்தான், நான் மின்தேக்கி என்று நடத்திய அதேதான். கை பட்டதும் அலைவரிசை நகர்ந்துவிட்டது, படகுக்குக் கேட்கவில்லை. அன்று அது தெரிந்திருந்தால் ஒரு வருடப் பாடத்தை அந்த ஐந்து நிமிடத்தில் நடத்தியிருப்பேன். நான் ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் மட்டும் முடித்தவன். தெரியாதது குற்றமில்லை. தெரியாமல் ஒரு பிள்ளையைக் கேலி செய்தது குற்றம். தம்பி, நீ இதைப் படித்தால் இந்த வாத்தியாரை மன்னித்துவிடு.

1895-ல் ஜெகதீஷ் சந்திர போஸ் கல்கத்தாவில் கம்பியில்லாமல் அலையை அனுப்பித் தூரத்தில் இருந்த மணியை அடிக்க வைத்தார், வெடிமருந்தைப் பற்ற வைத்தார். கருவிகளைக் கடையில் வாங்கவில்லை. உள்ளூர்த் தகர வேலைக்காரர் ஒருவரை வைத்துச் செய்துகொண்டார். 1898-ல் நியூயார்க்கில் நிகோலா டெஸ்லா தொட்டித் தண்ணீரில் ஒரு சின்னப் படகை ரேடியோ அலையால் ஓட்டிக் காட்டினார். அவர்களிடமும் ஃபினிஷிங் கேட்டிருப்போமா?

"சார், ரேடியோ கட்டினால் போலீஸ் வரும்" என்பார்கள் சிலர். 26.957 முதல் 27.283 மெகாஹெர்ட்ஸ் வரை குறைந்த சக்திக் கருவிகளுக்கு 2005-லேயே மத்திய அரசு உரிம விலக்கு கொடுத்திருக்கிறது. அதற்கும் சக்தி வரம்பு, நிபந்தனைகள் உண்டு. வழிகாட்டும் ஆசிரியர் முதலில் அதைப் படிக்க வேண்டும். கிரிஸ்டல் இல்லாமல் கட்டி, காயிலை நெருக்கி விரித்து, அலைவரிசை எங்கேயோ போய் நிற்க விடக்கூடாது. 88 முதல் 108 வரை எஃப்.எம். நிலையங்கள், அதற்கு மேல் விமானங்கள் பேசும் இடம். அங்கே விளையாட்டு வேண்டாம். ஆர்வம் முற்றினால், 12 வயது நிரம்பிய பிள்ளை அமெச்சூர் வானொலித் தேர்வே எழுதலாம்.

"இப்போ எல்லாம் ரெடிமேட் மாட்யூல்தானே?" என்றும் கேட்பீர்கள். மாட்யூல் வாங்குங்கள், நான் எதிரி இல்லை. ஆனால் பிள்ளையே பற்று வைக்கட்டும், பிள்ளையே தப்பு செய்யட்டும், ஏன் ஓடவில்லை என்று பிள்ளையே தேடட்டும். ஓடாத கருவி கற்றுக்கொடுப்பதை ஓடும் கருவி கற்றுக்கொடுக்காது.

ஆசிரியர்களாக இருக்கும் என் மாணவர்களுக்கு ஒரே வேண்டுகோள். நடுவராகப் போனால் மூன்று கேள்வி கேளுங்கள். இதில் நீ செய்தது எது? எது சரியாக வரவில்லை? ஏன்? மூன்றுக்கும் பதில் சொல்லும் பிள்ளைக்குப் பரிசைக் கொடுங்கள்.

அந்தப் பெண்ணின் ஆசிரியையிடம் பேசிவிட்டேன். என் பழைய சோல்டரிங் அயர்னையும் ஒரு சுருள் எனாமல் கம்பியையும் அவளுக்குக் கொடுத்தனுப்பினேன். காரை இருபதடிக்குக் கொண்டுவந்ததும் சொல்லியனுப்புவதாகச் சொன்னாள். காத்திருக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் அறிவியல் வாத்தியார்