பிடித்தம் போக

நம் சமூகத்தில் ஓர் ஆண்பிள்ளையின் வருமானம் இரண்டு சந்தர்ப்பங்களில் உரக்கப் பேசப்படுகிறது. கல்யாணத்துக்குப் பெண் பார்க்கும்போது ஒரு தடவை. பெற்ற குழந்தைக்கு ஜீவனாம்சம் கேட்டு வழக்கு வரும்போது மறு தடவை. முதல் தடவை சம்பளத்தோடு போனஸ், பஞ்சப்படி, ஊரிலிருக்கும் நஞ்சை, தாத்தா விட்டுப்போன வீட்டின் வாடகை எல்லாம் கைகோத்துக்கொண்டு வந்து நிற்கும். இரண்டாம் தடவை அதே வருமானம் வரி, சேமநிதி, வீட்டுக் கடன், கார்க் கடன், சொஸைட்டித் தவணை, தாயாரின் மருந்து என்று ஒவ்வொன்றாகக் கழிந்து, எலும்பும் தோலுமாகக் கோர்ட்டுப் படி ஏறும். மனிதனும் மாறவில்லை, உத்தியோகமும் மாறவில்லை. கேட்கிற ஆள்தான் மாறிவிட்டார்.

இந்தக் கழித்தல் கணக்கின் கடைசி வரியில்தான் குழந்தை உட்கார்ந்திருக்கிறது. எல்லாம் போக ஏதாவது மிஞ்சினால் அதற்கு. மிஞ்சாவிட்டால் ஆண்டவன் விட்ட வழி. நான் சண்டை போடுவது தனி மனிதர்களோடு அல்ல, இந்தக் கணக்கின் முறையோடு. தகப்பனின் வருமானத்தில் குழந்தைக்கு உரியது மிச்சமா, பங்கா? ‘மிச்சம்’ என்று சொன்னால் அது தர்மம். ‘பங்கு’ என்று சொன்னால் அது உரிமை. நம் சட்டம் உரிமை என்று எழுதிவைத்திருக்கிறது. ஆனால் அளந்து கொடுக்கும்போது கை தர்மப் படியைத்தான் எடுக்கிறது.

சட்டத்தின் கதையைக் கொஞ்சம் பாருங்கள். வெள்ளைக்காரன் 1898-இல் எழுதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 488-வது பிரிவு, கைவிடப்பட்ட மனைவிக்கும் குழந்தைக்கும் ஜீவனாம்சம் வாங்கித் தந்தது. அதற்கு ஓர் உச்சவரம்பு உண்டு. 1955-இல் அந்த வரம்பு மாதம் 500 ரூபாய் ஆயிற்று. 1973-இல் புதுச் சட்டம் வந்து 488 என்பது 125 ஆயிற்று. ஐந்நூறு மட்டும் ஐந்நூறாகவே நின்றது. 2001-இல்தான் அந்த வரம்பை எடுத்தார்கள். 1955-இல் அந்தப் பணத்துக்கு ஐந்து பவுனுக்கு மேலேயே வாங்கலாம். 2001-இல் கால் பவுன்கூடக் கிடைக்காது. நாற்பத்தாறு வருஷத்தில் அரிசி ஏறியது, பள்ளிக்கூடச் சம்பளம் ஏறியது, மந்திரிகளின் படி ஏறியது. கைவிடப்பட்ட குழந்தையின் வயிறு மட்டும் 1955-லேயே நிற்க வேண்டும் என்று பார்லிமெண்டு எதிர்பார்த்தது போலும்.

அந்தக் காலத்திலும் மனிதத் தன்மையுள்ள நீதிபதிகள் இல்லாமல் இல்லை. அந்த ஐந்நூறு என்பது தாய்க்கும் குழந்தைகளுக்கும் சேர்த்துத்தான் என்று ஒரு கணவர் உச்ச நீதிமன்றம் வரை போய் வாதாடினார். 1978-இல் கிருஷ்ணய்யர், அது தலைக்கு ஐந்நூறு என்று தீர்ப்புச் சொன்னார். ஒரு சொற்றொடருக்கு இரண்டு அர்த்தம் இருக்குமானால், பலவீனர்களுக்கு உதவுகிற அர்த்தத்தை எடுத்துக்கொண்டார். இலக்கியம் படித்தவர்கள் செய்ய வேண்டிய காரியத்தைச் சட்டம் படித்தவர் செய்தார்.

வரம்பு போயிற்று, சரி. அதன் இடத்தில் என்ன வந்தது? ஒன்றும் வரவில்லை. மாஜிஸ்திரேட்டுக்குத் தகுந்தது என்று படுகிற தொகை - அவ்வளவுதான். 2024 ஜூலை முதல் நடப்பில் இருக்கும் நாகரிக் சுரக்ஷா சன்ஹிதையின் 144-வது பிரிவும் இதையேதான் சொல்கிறது. ஒரே சம்பளம் வாங்குகிற இரண்டு குமாஸ்தாக்கள், ஒரே வயதுள்ள இரண்டு குழந்தைகள், இரண்டு கோர்ட்டுகள் என்றால், இரண்டு குழந்தைகளுக்கும் ஒரே தொகை கிடைக்கும் என்று எந்த வக்கீலும் எழுதிக் கொடுக்க மாட்டார். ரேஷன் கடையில் இப்படி அளந்தால் நாம் தெருவுக்கு வந்துவிடுவோம்.

2017 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் ஓர் அளவுகோலைச் சொன்னது. கணவனின் நிகரச் சம்பளத்தில் நூற்றுக்கு 25 பங்கு நியாயமாக இருக்கும் என்றது. நிகரச் சம்பளம் என்றால் பிடித்தம் போக வருவது. அந்த வழக்கில் சம்பளம் சுமார் 95,000 ரூபாய். கீழே இருந்த ஹைக்கோர்ட்டு மனைவிக்கும் மகனுக்குமாக 23,000 போட்டிருந்தது. கணவருக்கு மறுமணமாகி அந்தக் குடும்பத்தில் ஒரு குழந்தையும் இருப்பதைக் கருதி, அது 20,000 ஆகக் குறைந்தது. இரண்டாவது குழந்தைக்கும் வயிறு உண்டு, நான் மறுக்கவில்லை. நான் கேட்பது வேறு. அந்த இருபதாயிரத்தில் தாயின் பங்கு எது, பிள்ளையின் பங்கு எது? இரண்டாவது குழந்தைக்காக எவ்வளவு எடுத்தார்கள், எந்தக் கணக்கில் எடுத்தார்கள்? மூன்று பேருடைய சாப்பாட்டை ஒரே உருண்டையாக உருட்டி வைத்தால், யார் இலையில் குறைந்தது என்று யாருக்குத் தெரியும்?

பிற நாடுகளில் இந்தக் கணக்கைப் பகிரங்கமாக எழுதி ஒட்டியிருக்கிறார்கள். அமெரிக்காவில் விஸ்கான்ஸின் ராஜ்யத்தில் பொது விதி இது: ஒரு குழந்தை என்றால் மொத்த வருமானத்தில் நூற்றுக்கு 17, இரண்டு என்றால் 25, மூன்று என்றால் 29. பிரிட்டனில் வரி பிடிப்பதற்கு முந்திய வருமானத்தில் ஒன்றுக்கு 12, இரண்டுக்கு 16, மூன்றுக்கும் அதற்கு மேலும் 19. ஜெர்மனியில் 1962-லிருந்து டுஸ்ஸல்டார்ப் அட்டவணை என்று ஒன்று இருக்கிறது. ஒரு பக்கம் தகப்பனின் வருமானம், மறு பக்கம் குழந்தையின் வயது, இரண்டும் சந்திக்கிற கட்டத்தில் தொகை. பஞ்சாங்கம் பார்க்கத் தெரிந்தவர் எவரும் பார்த்துக்கொள்ளலாம்.

அங்கெல்லாம் பூலோக சொர்க்கம் என்று சொல்ல வரவில்லை. பிரிட்டனில் குழந்தை தகப்பன் வீட்டில் தங்குகிற இரவுகளை எண்ணித் தொகையைக் குறைக்கிறார்கள். வருஷத்தில் 52 இரவு தங்கினால் ஏழில் ஒரு பங்கு தள்ளுபடி. 104 ஆனால் ஏழில் இரண்டு. ஐம்பத்தோராவது இரவில் குழந்தையை நினைத்துத் தகப்பன் ஏங்குகிறானா, தள்ளுபடியை நினைத்து ஏங்குகிறானா என்று ஒரு நாவலாசிரியன் சந்தேகப்பட இடமுண்டு. ஆனாலும் சண்டை எங்கே நடக்கிறது பாருங்கள்: எழுதி வைத்த விதியின் ஓரத்தில். நம்மிடம் விதியே இல்லாததால் சண்டை நடுக்கூடத்தில் நடக்கிறது.

விதி வேண்டும் என்றதும் மூன்று ஆட்சேபங்கள் வருகின்றன.

‘ஒவ்வொரு குடும்பமும் ஒவ்வொரு மாதிரி, நீதிபதியின் இதயத்தைச் சதவிகிதத்துக்கு அடகு வைக்கலாமா?’ என்கிறார்கள். வைக்க வேண்டாம். நோயாளிக் குழந்தை, படுத்த படுக்கையான தகப்பன் என்று வரும்போது நீதிபதி விதியிலிருந்து விலகட்டும்; விலகியதற்குக் காரணத்தை எழுதட்டும். இதயம் உள்ளவருக்குக் காரணம் எழுதுவது சிரமமல்ல.

‘பணத்தை அம்மா தனக்குச் செலவழித்துக்கொள்வாள்’ என்பது இரண்டாவது. ஒரே வீட்டு வாடகை, ஒரே அடுப்பு, ஒரே குழம்பு. அதில் எந்தக் கரண்டி அம்மாவுடையது, எந்தக் கரண்டி பிள்ளையுடையது என்று இந்தக் கனவான்கள் தங்கள் வீட்டில் என்றைக்காவது பிரித்துப் பார்த்ததுண்டா? அம்மா பட்டினி கிடந்தால்தான் பிள்ளைக்குக் கொடுத்த பணம் பிள்ளைக்குப் போயிற்று என்று நம்புவார்களாக்கும்!

மூன்றாவது ஆட்சேபம் கனமானது. சம்பளச் சீட்டு உள்ளவன் அகப்பட்டுக்கொள்வான். கடை வைத்திருப்பவனும் கமிஷன் வாங்குபவனும் தப்பிவிடுவார்கள் என்கிறார்கள். உண்மைதான். இதற்காகத்தான் 2020 நவம்பர் 4-இல் உச்ச நீதிமன்றம், இரு தரப்பாரும் சொத்து, வருமானம், கடன், செலவு யாவற்றையும் பிரமாண வாக்குமூலமாகத் தாக்கல் செய்ய வேண்டும், மனுப் போட்ட நாளிலிருந்தே ஜீவனாம்சம் கணக்காக வேண்டும் என்று கட்டளையிட்டது. நல்ல கட்டளை. ஆனால் வாக்குமூலம் வருமானத்தைத்தான் சொல்லும். அதில் குழந்தைக்கு எத்தனை பங்கு என்பதைச் சொல்லாது. படியை நிரப்பியாயிற்று, படி எவ்வளவு கொள்ளும் என்று மட்டும் யாரும் எழுதவில்லை.

தாய்மார்களுக்கு மட்டும் பரிந்து பேசுவதாக நினைக்க வேண்டாம். தாயும் சம்பாதித்தால் அவளும் கொடுக்க வேண்டியவளே. 2000-ஆம் ஆண்டு ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது: தகப்பனின் சம்பளம் தாயுடையதைப் போல் இரு மடங்கு; ஆகவே குழந்தைகளின் செலவை இரண்டுக்கு ஒன்று என்ற விகிதத்தில் பிரித்துக்கொள்ள வேண்டும். அவருக்கு அறுபதாயிரம், அவளுக்கு முப்பதாயிரம், குழந்தையின் செலவு பதினெட்டாயிரம் என்றால், அவர் பன்னிரண்டு, அவள் ஆறு. இதைவிட நேர்மையான கணக்கு எனக்குத் தெரியவில்லை. ஜுரத்தில் விழித்திருந்த ராத்திரிகளையும், அதற்காக அவள் ஆபீசில் இழந்த சம்பளத்தையும் சேர்த்தால் அந்த ஆறு இன்னும் கொஞ்சம் குறையலாம்.

எல்லாவற்றிலும் கொடுமை, விவாகரத்தோடு சேர்த்துக் குழந்தையையும் பேரம் பேசுவதுதான். 1976 முதல் இந்துக்களுக்குப் பரஸ்பர சம்மதத்தின் பேரில் பிரிய வழி இருக்கிறது. நல்ல வழி. ஆனால் அந்த மேஜையில், ‘மொத்தமாக இவ்வளவு வாங்கிக்கொள், இனி ஒன்றும் கேட்காதே’ என்று பேசி முடிக்கும்போது, ஐந்து வயதுக் குழந்தையின் பதின்மூன்று வருஷச் சோறும் படிப்பும் ஒரே தொகையில் கரைந்துபோகின்றன. எப்படியாவது கையெழுத்து வாங்கினால் போதும் என்றிருக்கும் பெண், தன் விடுதலைக்கான விலையைக் குழந்தையின் உண்டியலிலிருந்து எடுத்துக் கொடுக்கிறாள். அந்த மேஜையில் குழந்தைக்கு நாற்காலி கிடையாது.

ஆகவே நான் கேட்பது இது. பிடித்தத்துக்கு முந்திய மொத்த வருமானத்திலிருந்து குழந்தையின் பங்கு இத்தனை என்று சட்டத்தில் எழுதட்டும். தாயின் பங்கு தனி, குழந்தையின் பங்கு தனி என்று தீர்ப்பில் பிரித்துக் காட்டட்டும். பஞ்சப்படி ஏறுகிறபோது, மறுபடி வழக்குப் போடாமலே அதுவும் ஏறட்டும். கொடுக்காதவனை ஒரு மாதம் வரை சிறையில் வைக்க இன்றும் சட்டம் இருக்கிறது. ஆனால் சிறையில் இருப்பவன் சம்பாதிப்பதில்லை. அமெரிக்காவில் செய்வதுபோல் முதலாளியே சம்பளத்தில் பிடித்து அனுப்பட்டும். சேமநிதியும் வருமான வரியும் பிடிக்கத் தெரிந்த ஆபீசுக்கு இது பிரம்ம வித்தை அல்ல. கூலி வேலை செய்கிற தகப்பனிடம் உண்மையிலேயே இல்லை என்றால், ஜெர்மனியில் செய்வதுபோல் சர்க்கார் முன்பணம் கொடுக்கட்டும். பிறகு முடிந்தால் வசூலித்துக்கொள்ளட்டும்.

இதெல்லாம் அவசரப்பட்டுச் செய்கிற காரியமா, கமிட்டி போட்டு ஆற அமர யோசிக்கலாமே என்று சிலர் சொல்லக்கூடும். தாராளமாக யோசிக்கட்டும். பள்ளிக்கூடம் ஜூன் மாதம் திறக்கிறது. அது வாய்தா கொடுப்பதில்லை.